பைபிளம்மாவின் சாட்சி

கிருபைக்கனி அம்மாள் ஒரு வியாழக்கிழமை செத்துப்போனார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் அவரை அடக்கம் பண்ணினோம், திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, கோயிலுக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், குடங்களோடு வரிசையில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்து, வெளியே வந்து, ஆடு நுழைந்துவிடாமல் அதைத் திரும்பச் சாத்திக் கொண்டியும் போட்டுவிட்டு, அவர் நடந்து வந்தார். நாங்கள் உடுத்தி அனுப்பிய வெள்ளைச் சேலை செம்மண்ணாகக் கிடந்தது. வரிசையில் முதலில் நின்றவள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "வாங்கம்மா, மொதல்ல முகத்தைக் கழுவிக்கிடுங்க" என்றாள். அவர் முகத்தையும் காலையும் கழுவிக்கொண்டு, இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கப் பார்த்து, அது தொண்டைக்குள் இறங்காமல் வெளியே வழிவதைக் கண்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்க்கப் போனார்.

பெனியேல்விளையில் அவருக்குப் பைபிளம்மா என்றுதான் பெயர். நாற்பத்துநாலு வருஷம் சபையின் ஊழியக்காரியாக இருந்து, வீடுவீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபம் பண்ணியவர். வயது ஏற ஏற அவருக்கு ஒரே ஒரு வேலை மிஞ்சியது. அது சாகக்கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்காருவது. டாக்டர் கைவிட்ட வீட்டுக்கு ஆள் அனுப்பாமலே அவர் வந்துவிடுவார், கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார், எல்லாரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "பயப்படாத மக்கா. கண்ணை மூடுன உடனே வாசல்ல ஒருத்தர் நிப்பாரு. உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. அவரு கையைப் பிடிச்சுக்க, அவ்வளவுதான்." அதைக் கேட்டுக்கொண்டே எங்கள் அப்பன்மாரும் அம்மைமாரும், கிணற்று வேலையில் அடிபட்டவர்களும், பிரசவத்தில் போனவர்களும், முகம் கோணாமல் கண்ணை மூடியிருக்கிறார்கள். தன் மகள் லில்லி ஆறு வயதில் மஞ்சள் காமாலையில் கிடந்தபோதும் அவர் அதையேதான் சொன்னார். "நீ எப்பம்மா வருவ?" என்று அந்தப் பிள்ளை கேட்டதாம். "இந்தா, பின்னாலேயே வாரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பின்னால் போக அவருக்கு முப்பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அதனால்தான் சாகிற அன்று, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி தலையை வாரிவிடச் சொன்னார்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் வந்து, அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், குழாயைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "நான் வியாழக்கிழமை எழுதிக் கொடுத்ததுல மாத்த ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் போய்விட்டார். மூச்சில்லை, நாடியில்லை, உடம்பு கிணற்றுப் படிக்கட்டு மாதிரி குளிர்ந்து கிடந்தது. ஆனாலும் அவர் வாசலைத் தூத்தார், கோழிக்குத் தீனி போட்டார், கேட்டால் பதில் சொன்னார்.

எங்களுக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! இரண்டாயிரம் வருஷமாகப் பாட்டிலும் பிரசங்கத்திலும் கேட்டுவந்தது எங்கள் குழாயடிக்கே நடந்து வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் சாட்சி சொல்வார் என்று பொன்னுதுரை ஐயர் அறிவித்தார். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். பந்தல் போட்டோம், ஒலிபெருக்கி கட்டினோம், பிளெக்ஸ் அடித்தோம். ஞாயிறன்று சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து வேனிலும் டிராக்டரிலும் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர், செத்துப்போன தங்கள் மனிதர்களின் போட்டோவைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், பைபிளம்மா அங்கே இவர்களைப் பார்த்தாரா என்று கேட்பதற்காக.

அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்று, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த அந்தப் போட்டோக்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கண்ணை மூடினேன்" என்றார். "முழிச்சா ஒரு எடத்துல நிக்கேன். இருட்டுன்னு சொல்ல முடியாது, வெளிச்சம்னும் சொல்ல முடியாது. மழைக்கு முன்னால ஒரு மங்கல் இருக்குமே, அப்படி. வாசல்னு ஒண்ணும் இல்ல. கூப்பிடுவாவன்னு நின்னேன். கூப்பிடல. லில்லிய நானே கூப்பிட்டுப் பாத்தேன். பிறகு நம்ம ஊர்ல செத்தவிய பேரையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்ல. எத்தன நாள் நின்னேன்னு தெரியாது, நின்னு நின்னு பாத்துட்டுப் பயந்துபோயி வந்த வழியே திரும்பி நடந்தேன். அங்க யாரும் வரல. உங்க ஆட்களுக்கு நான் சொல்லி அனுப்பினதெல்லாம் தப்பு. என்ன மன்னிச்சுக்கிடுங்க."

கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. பொன்னுதுரை ஐயர் எழுந்து ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆர்மோனியம் முதல் அடியை வாசித்தது, இரண்டாம் அடியையும் வாசித்தது, யாரும் வாய் திறக்காததால் மூன்றாம் அடியில் தானாக நின்றது. வந்தவர்கள் போட்டோவை முந்தானையால் மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வந்த வண்டிகளில் ஏறிப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் ஊருக்குள் வாழ வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதக்கண் சார், அவரைப்போல வேதம் படித்தவர் எங்களில் இல்லை, கோயில் வாசலில் நின்று விளக்கம் சொன்னார்: செத்தவர்கள் கடைசி நாள் வரைக்கும் தூங்குகிறார்கள், பைபிளம்மா பாதித் தூக்கத்தில் முழித்துவிட்டார், ரயில் வருவதற்கு முந்தியே பிளாட்பாரத்துக்குப் போனால் அங்கே யார் இருப்பார்கள்? அது இரண்டு வாரத்துக்கு எங்களைத் தாங்கியது. பிறகு அவருக்குள் மறைந்த பாவம் ஏதோ இருக்கிறது என்று சிலர் சொல்ல, பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அவருடைய அறுபத்தெட்டு வருஷத்தையும் ஆளாளுக்கு விசாரித்துத் தேடிப் பார்த்து, மாமியாரை ஒருதடவை எதிர்த்துப் பேசியதைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல், அதற்கே இந்தக் கதி என்றால் நம் கதி என்ன என்று பயந்து தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ரேஷன் அட்டையில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அவருக்கும் பசிக்கவில்லை. கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நற்கருணைக்கு அவர் வந்து முழங்கால் போட்டபோது, செத்தவர்களுக்குக் கொடுக்கலாமா என்று எந்த முறைமையிலும் எழுதியிராததால் ஐயர் இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போனார். மூன்றாம் தடவை தாண்ட மனம் வராமல் கொடுத்தார். விழுங்க முடியாத அந்த அப்பத்தை அவர் நாக்கில் வைத்தபடியே வீடுவரைக்கும் நடந்து போனதை நாங்கள் பார்த்தோம்.

கல்லறைக் கல் செதுக்குகிறவர் ஒருநாள் வந்து, "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்னு போடவா, வேண்டாமா?" என்று கேட்டார். கல்லுக்குரிய வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, "பேரும் தேதியும் போதும்" என்றார்கள். பைக் விபத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, நட்டநடுப் பகலில் பைபிளம்மா வீட்டுக்கு முன்னால் நின்று, கைநிறையச் செம்மண்ணை அள்ளி அள்ளிக் கதவின் மேல் எறிந்தாள். "எம்பிள்ள அங்க தனியா நிக்கானா? சொல்லுங்க! நாலு வருசமாத் தனியாவா நிக்கான்? அவன் வீட்லயே தனியாப் படுக்கமாட்டானே!" பைபிளம்மா வெளியே வந்து, அவள் கை ஓயும்வரைக்கும் முன்னால் நின்று மண்ணை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நோயாளி இருக்கிற வீடுகளில் அவர் தெருவில் வருவதைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். அந்த வருஷத்தில் எங்களில் ஏழுபேர் செத்தார்கள். ஒருவர்கூட நல்லபடியாகச் சாகவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்ன விட்டுராதிய, என்ன விட்டுராதிய" என்று கத்திக்கொண்டே போனார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஹெப்சியை நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. நர்சு படிப்பின் கடைசி வருஷத்தில் எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். படித்த படிப்பினால், தனக்கு எது எப்போது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். வலியை மாத்திரையில் அடக்கினார்கள், பயத்தை அடக்க முடியவில்லை, ராத்திரியெல்லாம் கத்தினாள். ஜெபிக்கப் போன பொன்னுதுரை ஐயரிடம், "நீங்க செத்துப் பாத்தியளா? பாத்தவங்க ஒருத்தங்க ஊருக்குள்ள இருக்காங்கல்லா, அவங்களக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அவள் அம்மா ஜெயசீலி ஒரு மத்தியானம் மழையில் நனைந்துகொண்டே பைபிளம்மா வீட்டுக்குப் போனாள்.

"சித்தி, ஒரே ஒரு பொய் சொல்லுங்க" என்றாள். "நீங்க ஊருக்குச் சொன்னத நான் குத்தமாச் சொல்லல. எம்மவகிட்ட மட்டும், சரியாப் பாக்கல, மறந்துபோச்சு, யாரோ நின்ன மாதிரிதான் இருந்துச்சுன்னு சொல்லிருங்க. அந்தப் பாவம் எந்தலையில இருக்கட்டும்."

"சொல்லுதேன்" என்றார் பைபிளம்மா. சொல்ல வேண்டும் என்றுதான் போனார். வழியெல்லாம் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார் என்று ஜெயசீலி பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

ஹெப்சி அவர் கையை வாங்கி, படித்த பழக்கத்தில் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போய் நாடியைத் தேடி, இல்லாததைக் கண்டு, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளதச் சொல்லுங்க பைபிளம்மா."

அவர் வாயைத் திறந்தார். ஜெயசீலி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொய் வரவில்லை.

"யாரும் வரல மக்கா."

"வலிக்குமா?"

"வலியெல்லாம் இங்கேயே போயிரும்."

"பிறகு எதுக்கு உங்களுக்கு அப்படிப் பயமா இருந்துச்சு?"

"தனியா நின்னதுதான். வேற ஒண்ணுமில்ல. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் பக்கத்துல இருந்திருந்தா நான் பயந்திருக்கமாட்டேன்."

ஹெப்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. "அப்ப நானும் போய்த் தனியா நிக்கணும்" என்றாள். "எவ்வளவு நாள்னு தெரியாம நிக்கணும்."

பைபிளம்மா தன் குளிர்ந்த கையை அந்த முதுகின் மேல் வைத்தார். மழை ஓட்டின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது.

"நான் முன்னால போயி நிக்கேன்" என்றார்.

ஹெப்சி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு வழி தெரியும். நீ வாரதுக்கு முந்தி நான் போயிருதேன். நீ வரும்போது அங்க ஒரு ஆள் நிக்கும்."

"நீங்க லில்லிய அவ்வளவு கூப்பிட்டியளே, வரலியே. நான் வந்தா மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மக்கா. எடம் பெருசா இருக்கு. ஆனா போனதடவ நான் கொஞ்சம் கூப்பிட்டேன், பிறகு பயந்துபோயித் திரும்பிட்டேன். இந்தத் தடவ திரும்பமாட்டேன். உம்பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். நீயும் வந்த உடனே கூப்பிடு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மண்ணை விட்டு வந்தவரைத் திரும்ப மண்ணுக்குள் அனுப்ப எந்த வழக்கமும் எங்களிடம் இல்லாததால், ஒரு அடக்கத்துக்கு என்னென்ன செய்வோமோ அதையெல்லாம் செய்தோம். துக்கமணி அடித்தோம், பெட்டியைக் கொண்டுவந்தோம், தெருவில் வரிசையாக நின்றோம். அவர் பெட்டிக்குப் பின்னால் தன் காலாலேயே நடந்து வந்தார். முதல் தடவை போனபோது அவர் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பு எங்கள் எல்லாருக்கும் ஞாபகமிருந்தது. இந்தத் தடவை, போகிற இடம் எதுவென்று தெரிந்தவரின் முகம் எப்படியிருக்கும் என்று பார்த்தோம். கல்லறைத் தோட்டத்துக் கதவுகிட்டே வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. கை வெடவெடவென்று நடுங்கியது. செத்தவர்களின் கையும் நடுங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். ஒரே மகனைப் பறிகொடுத்து அன்றைக்குச் செம்மண்ணை எறிந்த அந்தத் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்தக் குளிர்ந்த கையைப் பிடித்து, குழிவரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். "அவன் பேரு ஜெபஸ்டின், பைபிளம்மா" என்றாள். "ஒருதடவ அவனையும் கூப்பிட்டுப் பாருங்க." உடனே எங்களில் ஒவ்வொருவரும், முன்னால் நிற்பவரைத் தள்ளாமல், குரலை உயர்த்தாமல், எங்கள் ஆட்களின் பெயரைச் சொன்னோம். அவர் ஒவ்வொரு பெயரையும் திரும்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

பெட்டியில் படுத்துக்கொண்டு ஐயரைப் பார்த்தார்.

"என்ன ஜெபம் வாசிக்கட்டும்மா?" என்று ஐயர் கேட்டார்.

"எனக்கு வேண்டாம் ஐயா. ஹெப்சிக்கு வாசிக்கும்போது பெலமா வாசிங்க. பிள்ள வருதுன்னு எனக்குத் தெரியட்டும்."

மூடியைப் போட்டு, மண்ணைத் தள்ளினோம்.

ஹெப்சி அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். அவளுக்குச் சமாதானம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் கத்துவதை நிறுத்தியிருந்தாள். தினமும் காலையில் "இன்னேரம் போய்ச் சேர்ந்திருப்பாங்களாம்மா?" என்று கேட்பாள். "எப்பவோ போயிருப்பாவ" என்று ஜெயசீலி சொல்வாள். ஒன்பதாம் நாள் உச்சிப்பொழுதில் தண்ணீர் கேட்டாள், ஒரு மடக்குக் குடித்தாள், அடுத்த மடக்கு கடைவாயில் வழிந்தது. வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, எதையும் பார்த்ததாக முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அடக்கத்தில் பொன்னுதுரை ஐயர் பக்கத்து ஊருக்கே கேட்கிற மாதிரி, தொண்டை கிழிய, ஜெபத்தை வாசித்தார். அந்த மனிதர் எதையாவது நம்பி வாசித்ததை நாங்கள் அந்த ஒருதடவைதான் பார்த்தோம்.

பிறகு மூன்று நாள், ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஜெயசீலி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை திரும்பி வந்தால் அங்கே பைபிளம்மாவைக் காணவில்லை என்று அர்த்தம். திரும்பி வந்தால் பிள்ளையாவது கிடைக்கும். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அவள் வாய் சும்மா அசைந்துகொண்டேயிருந்தது. யாரும் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. நாலாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அதன் பின்பு பெனியேல்விளையில் சாகிற முறை மாறிப்போனது. வாசலில் ஒருத்தர் நிற்பார் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறோம், பாடுகிறோம், பாட்டில் வருகிற பொன்னான வீதிகளையும் விடாமல் பாடுகிறோம், ஆனால் யாரும் அவற்றை எதிர்பார்க்கவில்லை. சாகக்கிடக்கிறவர்கள் தங்களுக்குப் பின்னால் இருக்கிறவர்களைப் பார்த்து, "நான் போயி நிக்கேன், நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்களிடம் மிஞ்சியது அவ்வளவுதான்.

ரயில் கதை சொன்ன வேதக்கண் சாருக்கு மறுவருஷம் பக்கவாதம் வந்தது. அவர் மனைவி அன்னப்பழம் கஞ்சியைக் கரண்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பாதி வாயால் அவரும் அதையே சொன்னார். "நீ வாரவரைக்கும் நிப்பேன்" என்று சொன்னாராம். "மறந்து வேற எங்கயும் போயிராதிய" என்றாளாம் அவள். அடக்கம் முடிந்து ஒருவாரம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு உட்கார முடியாமல் போயிற்று. நாற்காலியைப் போட்டால் எழுந்துவிடுவாள். வேலை செய்தாலும் நின்றுகொண்டே செய்தாள், சாப்பிட்டாலும் நின்றுகொண்டே சாப்பிட்டாள், கால் வீங்கி நீர் கோத்துக்கொண்டது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையை அவள் சாப்பிடுவதில்லை என்று தெரிந்து, மகள் மதுரையிலிருந்து ஓடிவந்து சத்தம்போட்டாள். "ஏம்மா இப்படிச் செய்தீய? எங்களையெல்லாம் விட்டுட்டுப் போகணும்னு அப்படி என்ன அவசரம்?"

அன்னப்பழம் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நின்றபடி, மாத்திரை அட்டையை மகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பாவுக்கு மூட்டுவலி, ஏட்டி" என்றாள். "ரொம்ப நேரம் நிக்கமாட்டாவ."